பொசுக்கென்று அணைகிற கம்ப்யூட்டர்

பாலிடெக்னிக்கில் நாம் எந்தப் பிரிவு படித்தாலும் ஊருக்குள் நமக்கு ஒரே பட்டம்தான். மெக்கானிக்கலோ சிவிலோ, சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "டிப்ளமோ படிக்கிற பிள்ளைதானே, எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குனு அணைஞ்சு போகுது, என்னன்னு பாரு" என்று ஒரு சித்தியோ மாமாவோ வந்து நிற்பார்கள். "நான் லேத்து ஓட்டப் படிக்கிறேன் சித்தி" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "அதுவும் மிஷின்தானே, இதுவும் மிஷின்தானே!" என்பார்கள். (பதில் சொல்ல முடியுமா?)

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பில்லை. விருதுநகர் – சிவகாசி ரோட்டில் இருக்கிற நம்ம ஆமத்தூர் வட்டாரத்தில் சில வீடுகளில் கம்ப்யூட்டர் என்பது சோறு போடுகிற சாமான். சிவகாசி ஆப்செட் பிரஸ்களுக்கு லேபிள், நோட்டு அட்டை, காலண்டர் என்று வீட்டிலேயே உட்கார்ந்து டிசைன் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும் என்றால் அதற்கு முந்தின வாரங்களில் ராத்திரி பகல் கிடையாது. மூணு மணி நேரம் உட்கார்ந்து செய்தது சேவ் பண்ணுவதற்குள் போய்விட்டால் அன்றைய சம்பாத்தியம் போச்சு. மெஷினும் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துவிட்ட செகண்ட்ஹேண்ட், அதையும் குழுக் கடனில் வாங்கியிருப்பார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மூடியைக்கூடத் திறக்காமல் "போர்டு போயிருச்சு அண்ணாச்சி" என்று சொல்லுகிற ஆளும் உண்டு. போர்டை மாற்றிய பிறகும் அணைந்தால்? "அப்ப எஸ்.எம்.பி.எஸ்.ஸா இருக்கும்." அதற்கும் பணம் இவர்கள் கையிலிருந்துதான்.

அதனால் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது என்று கேட்டுவிடுங்கள். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரிதான்.

எப்படி அணைகிறது?

"அணையுது" என்கிற ஒரே வார்த்தைக்குள் மூணு வேறு வேறு நோய் ஒளிந்திருக்கிறது. ஒன்று, சுவிட்சைப் பிடுங்கினது போல ஒரே நொடியில் இருட்டு. ஃபேன் சத்தமும் நின்றுவிடும். இரண்டாவது, அணைந்து தானாகவே மறுபடி கிளம்பி வருவது. மூன்றாவது, திரையில் "ஷட்டிங் டவுன்" என்று எழுதிக் காட்டிவிட்டு மரியாதையாக விடைபெற்றுப் போவது. மூன்றாவது வகையில் கரண்டுக்கும் சூட்டுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. யாரோ, அல்லது ஏதோ ஒரு புரோகிராம், அணையச் சொல்லிக் கட்டளை கொடுத்திருக்கிறது. 2003 ஆகஸ்டில் உலகம் முழுக்கப் பரவிய 'பிளாஸ்டர்' என்ற வைரஸ் இப்படித்தான் செய்தது. இன்டர்நெட்டில் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் "60 விநாடியில் அணையப் போகிறேன்" என்று கடிகாரம் காட்டிவிட்டு அணைத்துவிடும். அந்தக் காலத்தில் இதற்காகப் போர்டு மாற்றியவர்கள் எத்தனை பேரோ! இன்றைக்கு அதே இடத்தில் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் நிற்கிறது. அதற்கு 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று வேலை நேரம் குறித்துக் கொடுத்தால், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் பண்ணாது.

விண்டோஸுக்குள் 'ஈவன்ட் வியூவர்' என்று ஒரு டைரி இருக்கிறது. அதில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்து, அணைந்த நேரத்துக்கு நேராகப் பாருங்கள். 1074 என்ற எண் இருந்தால் ஒரு புரோகிராமோ ஆளோ அணைக்கச் சொன்னது என்று அர்த்தம், பெயரும் அதிலேயே இருக்கும். 6008 என்றால் முந்தைய தடவை எதிர்பாராமல் அணைந்தது. 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் ஒன்று வரும். அதைப் பார்த்ததும் "கரண்ட் ஃபால்ட், அதான் போட்டிருக்கே" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது காரணம் அல்ல. "நான் ஒழுங்காக அணையவில்லை" என்று மெஷின் மறுபடி எழுந்த பிறகு எழுதி வைக்கிற வாக்குமூலம்தான். ஆனால் அதன் விவரத்தில் 'பக்செக் கோடு' என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் நீலத்திரைக் கோளாறு. ரேம், டிரைவர் பக்கம் தேடலாம். பூஜ்யம் என்றால் எழுதி வைக்கக்கூட அவகாசம் கிடைக்காமல் போயிருக்கிறது. அப்போது முதல் சந்தேகம் கரண்ட் மேலும் சூட்டின் மேலும்தான்.

அடுத்து, எப்போது? வீட்டாரிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து இரண்டு நாளைக்கு எழுதச் சொல்லுங்கள். அணைந்த மணி என்ன, அந்த நேரம் என்ன வேலை நடந்தது, டியூப்லைட் கண் சிமிட்டியதா, பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்களா. இந்த நோட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை. மல்டிமீட்டரைவிட இது அதிகம் சொல்லும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரைக்கும்தான் அணைகிறது என்று நோட்டு சொன்னால், கம்ப்யூட்டரை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற லைனின் கடைசி வீடு என்றால், எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் 230 வோல்ட் என்பது பேச்சுக்குத்தான். போதாக்குறைக்கு யாராவது போர் மோட்டாரைப் போட்டால், அது கிளம்புகிற நொடியில் ஓடுகிற கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். டியூப்லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும். மனுஷனுக்கு அது சிமிட்டல். கம்ப்யூட்டருக்கோ சாவு.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. சுவரில் கரண்ட் முழுசாக நின்றால், முழு லோடில் ஒரு எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் இருக்கிற சேமிப்பை வைத்துத் தாங்க வேண்டிய நேரம் 16, 17 மில்லி விநாடிதான். முழுசாக ஒரு சுற்றுக்குக்கூடக் காணாது! அதற்குள் கரண்ட் திரும்பாவிட்டால் 'பவர் குட்' என்கிற சிக்னலை அது இறக்கிவிடும், போர்டு நின்றுவிடும். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருந்தால் சேமிப்பும் குறைவு, தாங்குகிற நேரமும் குறையும். எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் இன்புட் வோல்டேஜ் எதிலிருந்து எதுவரை என்று எழுதியிருக்கும். சிலது 180-க்குக் கீழே தாங்காது, சிலது 100 வரை சமாளிக்கும். டிரான்ஸ்பார்மருக்குத் தூரமான வீட்டுக்கு இரண்டாவது ரகம்தான் சரி.

அப்புறம் பிளக். லூசான சாக்கெட், ஒன்றின் தலையில் ஒன்றாகச் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கரிந்துபோன பின், கேபினட்டின் பின்னால் பாதி மட்டும் செருகியிருக்கிற பவர் கேபிள். நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் அணைகிறது என்றால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றாலும் அப்படித்தான்.

யு.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். இருக்கும், உள்ளே பேட்டரி உயிரோடு இருக்கிறதா? வீட்டு யு.பி.எஸ்.ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டு மூன்று வருஷத்தில் அது வெறும் எடைக்கல் ஆகிவிடும். கரண்ட் இருக்கும்போது எல்லாம் சரியாக ஓடும், ஒரு சிமிட்டல் வந்தால் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து படுத்துவிடும். சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு 60 வாட் குண்டு பல்பை யு.பி.எஸ்.ஸில் மாட்டி, சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்பு தொடர்ந்து எரிகிறதா, அதோடு அணைகிறதா என்பதே பதில்.

இன்வெர்ட்டர் கதை தனி. 2008-லிருந்து சில வருஷங்கள் தமிழ்நாட்டில் கரண்ட் கட் படுத்திய பாட்டில் நம் பக்கம் நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் 'யு.பி.எஸ்.', மறுபக்கம் 'எக்கோ' அல்லது 'நார்மல்'. எக்கோவில் இருந்தால் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறுகிற நேரம் கூடுதல். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது ஒன்றுமே இல்லை, கம்ப்யூட்டருக்கு மேலே சொன்ன 16 மில்லி விநாடி போதாது. "இன்வெர்ட்டர் போட்டும் கரண்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுதுப்பா" என்று சொல்கிற வீட்டில் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். (சில வீட்டில் அதன் மேல் அடுக்கியிருக்கிற பழைய பேப்பர் கட்டை இறக்கினால்தான் சுவிட்சே தெரியும்.) யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் வேலை முடிந்தது, காசு செலவில்லை. ஆனால் லோ வோல்டேஜ் நேரத்தில் அந்தப் பக்கம் வைத்தால் இன்வெர்ட்டர் சீக்கிரமே பேட்டரிக்குப் போய்விடும் என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறதா? எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் ஒயர் இல்லாவிட்டால் பாடி அந்த இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஜிவ்வென்பதோடு நிற்கிறது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நிஜமான லீக்கேஜ் ஒன்று வந்தால் அது ஜிவ்வென்பதோடு நிற்காது. இதை அப்படியே விடாமல் வயரிங் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள்.

சூடு

நோட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால்? காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறது, மத்தியானம் இருபது நிமிஷம்தான் ஓடுகிறது, அணைந்த உடனே போட்டால் மூணு நிமிஷத்தில் மறுபடி அணைகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் திரும்ப இருபது நிமிஷம். இது சூட்டின் கையெழுத்து. வேறு எந்த நோயும் இவ்வளவு ஒழுங்காக நேரம் காட்டாது.

பிராசஸர் தன் எல்லையை மீறிச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போதைய பிராசஸர்கள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ் அருகில். அப்படியும் தணியாவிட்டால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே பவரைத் துண்டிக்கச் சொல்லிவிடும். இந்தப் புத்தி எல்லாப் பிராசஸருக்கும் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 2001-ல் 'டாம்ஸ் ஹார்டுவேர்' என்ற ஒரு குழு ஓடிக்கொண்டிருந்த பிராசஸர்களின் தலையிலிருந்து ஹீட் சிங்க்கைப் பிடுங்கி வீடியோ எடுத்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அதனோடு சோதித்த ஏ.எம்.டி. அத்லான் ஒன்று சில நொடிகளில் புகைந்து செத்தது. ஆக, இன்றைக்கு மெஷின் பொசுக்கென்று அணைவது பல நேரம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிற காரியம்தான். திட்டாதீர்கள்!

நம் ஊரில் இது ஏன் அதிகம் என்று விளக்கவே வேண்டாம். ஹீட் சிங்க்கால் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக்க முடியாது. ஒரு வேலையில் பிராசஸர் அறையைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்றால், 28 டிகிரி அறையில் அது 78. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே 42 டிகிரி என்றால் 92. அதன் மேல் தூசியும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். நம் கரிசல் காட்டுப் புழுதி சும்மா இருக்குமா? ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி படிந்து காற்றே போகாமல் அடைத்துவிடும். மேலே இருந்து பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது, சுத்தமாகத்தான் தெரிகிறது. ஃபேனைக் கழற்றினால்தான் கம்பளி தெரியும்.

திறப்பதற்கு முன்னால் இரண்டு காரியம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்துங்கள், மிச்சமிருக்கிற சார்ஜ் இறங்கும். பிறகு கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைக் கையால் தொடுங்கள். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போவதற்கு முன்னால் எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும், நைலான் துணி கூடாது, பருத்திதான் என்பதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். உடம்பில் தேங்குகிற நிலைமின்சாரம்தான் அங்கேயும் எமன், இங்கேயும் எமன். நம் விரலுக்குச் சுருக்கென்று தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சிப்புக்குச் சில நூறு வோல்ட்டே போதும். அதாவது நமக்குத் தெரியாமலேயே ரேமைக் கொன்றுவிடலாம்.

ஒரு பெயின்ட் பிரஷும் கைப் பம்பும் போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் தண்ணீர் கலந்து வரும், வேண்டாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பேய் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். இன்டெல் போர்டாக இருந்தால் ஹீட் சிங்க்கின் நாலு மூலையிலும் இருக்கிற பிளாஸ்டிக் பின்னை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மேலே எழும்பியிருந்தால் போதும், ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பிராசஸரோடு சரியாக ஒட்டாது. ஒரு 'டக்' சத்தத்தில் தீருகிற வேலை அது. ஹீட் சிங்க்கைக் கழற்றிவிட்டால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதுசு ஒரு பாசிப்பயறு அளவு வைத்தால் போதும். சிலர் தோசைக்கு நெய் ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறார்கள். அந்தப் பேஸ்ட், இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற நுண்ணிய பள்ளத்தை அடைப்பதற்குத்தான். தடிமனாகப் போட்டால் அதுவே போர்வை ஆகிவிடும்.

சூடுதானா என்று உறுதி செய்ய, பயாஸுக்குள் போய் 'ஹார்டுவேர் மானிட்டர்' அல்லது 'பி.சி. ஹெல்த்' பக்கத்தில் டிகிரியைப் பாருங்கள். வேலையே இல்லாமல் அந்தப் பக்கத்திலேயே எண் ஏறிக்கொண்டே போய் 80, 90 என்று நின்றால் சந்தேகமே வேண்டாம். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தால் அணையாமல் ஓடுகிறதா? அதுவும் ஒரு சாட்சி. ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் புழுதிக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி.

லேப்டாப்புக்கும் இதே சூடுதான். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டினால் அடியில் இருக்கிற காற்று ஓட்டை மூடிக்கொள்ளும். ஒரு பரீட்சை அட்டையை அடியில் வையுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.

சும்மா இருக்கும்போது ஓடுகிறது, கேம் போட்டால், பெரிய டிசைன் ஃபைல் திறந்தால் அந்த நொடியே அணைகிறது. இருபது நிமிஷம்கூட எடுத்துக்கொள்வதில்லை. இது சூட்டை விடப் பவர் சப்ளையைத்தான் காட்டுகிறது. மலிவு எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 450 வாட் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதே லேபிளில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12-ஐ அதனால் பெருக்கினால் வருவதுதான் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கிற நிஜ வாட்.

மல்டிமீட்டர் நம் எல்லாருக்கும் லேபில் பழக்கம்தான். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் ஏறக்குறைய 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். கறுப்பு ஒயர் கிரவுண்ட். கழற்றி வைத்த சப்ளையின் பெரிய கனெக்டரில் பச்சையையும் ஒரு கறுப்பையும் சேர்த்தால் அது கிளம்பும். ஆனால் லோடு இல்லாமல் அளந்து "12 இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது, சும்மா நிற்கிற மாட்டு வண்டியைப் பார்த்து பாரம் தாங்கும் என்று சொல்கிற மாதிரி. மாட்டி ஓடவிட்டு, அணைகிற வேலையையே கொடுத்து, அப்போது மஞ்சள் ஒயரைப் பாருங்கள். 11-க்குப் பக்கத்தில் சரிந்தால் திருடன் அகப்பட்டான். இன்னும் சுலபம், நண்பன் வீட்டு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது.

எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி. உள்ளே டி.சி. ஆகும்போது உச்சம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். நம் படிப்புக்கு அது அவசியம்தான், ஆனால் அதை லேபில் வாத்தியார் பக்கத்தில் நிற்கும்போது படித்துக்கொள்வோம்.

போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கிற உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது வடை மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுவே காரணமாக இருக்கலாம். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் தரமில்லாத எலக்ட்ரோலைட் போட்ட கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, பெரிய கம்பெனிகளையே ஆட்டிவைத்தன. டெல் நிறுவனம் 2005-ல் இந்தக் கோளாறுக்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்கு மறுபடி வந்துவிட்டோம், பார்த்தீர்களா! இந்த நோய்க்குச் சால்டரிங் தெரிந்த நல்ல மெக்கானிக் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். முழு போர்டு வேண்டியதில்லை.

சில்லறைக் கோளாறுகள்

போட்ட நாலைந்து நொடியில் அணைகிறது, தினமும் அதே கணக்கு என்றால் பவர் பட்டனைப் பாருங்கள். பட்டனை 4 நொடி தொடர்ந்து அழுத்தினால் அணைய வேண்டும் என்பது இந்த மெஷின்களின் ஏற்பாடு. புழுதியில் பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் யாரோ அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று போர்டு நினைத்துக்கொள்ளும். ஓடத் தொடங்கியதும் போர்டிலிருந்து அந்தச் சுவிட்சின் இரண்டு பின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அணையவில்லை என்றால் குற்றவாளி பட்டன்தான்.

தானாக ரீஸ்டார்ட் ஆகிற கேஸில், விண்டோஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். நீலத்திரை வந்தால் நின்று, பெயர் சொல்லும். ரேமைக் கழற்றி அதன் தங்க முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் போடுவது பழைய வைத்தியம்தான், ஆனால் பல நேரம் பலிக்கிறது. ரேம் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். போர்டுக்கு அடியில் உருண்டு கிடக்கிற ஒரு ஸ்குரூ, செத்துக் காய்ந்த பல்லி, இவையும் ஷார்ட் ஆக்கும். நம்ப மாட்டீர்கள், திறந்து பாருங்கள். போர்டில் இருக்கிற நாணயம் மாதிரியான 3 வோல்ட் பேட்டரி மேல் சிலர் பழி போடுகிறார்கள். அது போனால் தேதியும் மணியும் மறந்துபோகும், ஓடுகிற மெஷின் அதனால் அணையாது. பேட்டரி மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், அணைவது நிற்கும் என்று காத்திருக்காதீர்கள்.

எதைச் சோதிப்பதற்கு முன்னாலும், ஓடுகிற அந்த இருபது நிமிஷத்தில் முதல் வேலையாக டிசைன் ஃபைல்களைப் பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது திரும்பத் திரும்ப அணைந்தால் கடைசியில் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போகலாம். மெஷினை மாற்றலாம், அக்கா மூணு மாசம் செய்த வேலையை எங்கே போய் வாங்குவது?

கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஆனால், நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். "அண்ணாச்சி, சுவர் பார்த்தாச்சு, யு.பி.எஸ். பல்பு போட்டுப் பார்த்தாச்சு, பயாஸில் 55 டிகிரிதான் காட்டுது, கேம் போட்டா மட்டும் உடனே அணையுது, இரவல் எஸ்.எம்.பி.எஸ். போட்டா ஓடுது" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்கிற ஆளிடம் யாரும் மூடியைத் திறக்காமல் போர்டு போயிருச்சு என்று சொல்ல மாட்டார்கள். எதை மாற்றினாலும் பில்லில் அந்தப் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பாகத்தையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.